கடிகாரம் கார் அல்ல

கார்ன்வாலிஸ் கோட்டை அருகே நிற்கும் மணிக்கூண்டின் உயரம் 60 அடி. தூரத்திலிருந்து மணி தெரியவேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த உயரமல்ல அது. விக்டோரியா ராணி ஆண்ட 60 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஓர் அடி. 1897 வைர விழாவின் நினைவாகப் பினாங்குச் செல்வந்தர் சியா சென் இயோக் கட்டிக் கொடுத்தது. கடிகாரம் மணி காட்ட மட்டுமல்ல, யார் பெரியவர் என்று காட்டவும்தான் என்பது இந்த ஊருக்கு அப்போதே தெரியும்.

இதைச் சொன்னால் என் நண்பருக்குக் கோபம் வருகிறது. நாசி கண்டார் கடையில் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, "இது பகட்டு இல்லண்ணே, இன்ஜினியரிங். ரேஸ் கார் மாதிரி" என்கிறார். அந்த 'மாதிரி'யைத்தான் நான் மறுக்கிறேன்.

1992-இல் வெளிவந்த மக்லேரன் எஃப்1 காரின் இன்ஜின் அறைக்குள் மெல்லிய தங்கத் தகடு ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தால்தான் கண்ணில் படும். தங்கம் வெப்பத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பதால் வைத்தது. பொறியியல் என்றால் இதுதான். "நீ எதுக்கு இங்க இருக்க?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு பாகமும் பதில் சொல்லியாக வேண்டும். பிரேக் பொய் சொன்னால் ஆள் செத்துப்போவான்.

கைக்கடிகாரத்தில் இந்தக் கேள்வி 1969 டிசம்பரில் தீர்ந்துவிட்டது. சீக்கோ தன் குவார்ட்ஸ் கடிகாரத்தை விற்பனைக்கு விட்ட மாதம் அது. சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழ், இயந்திரக் கடிகாரம் நாளுக்கு 4 வினாடி பிந்தலாம், 6 வினாடி முந்தலாம் என்கிறது. கேசியோ எஃப்-91டபிள்யூ என்ற பிளாஸ்டிக் கடிகாரத்துக்கு மாதத்துக்கே 30 வினாடிதான் கணக்கு. மணி சொல்வதில் பிளாஸ்டிக் ஜெயித்து அரை நூற்றாண்டாகிறது.

அப்புறம் அந்த டாக்கிமீட்டர் வளையம். ஒரு கிலோமீட்டரைக் கடக்கும் நேரத்தை வைத்து வேகம் சொல்லும். பெரும்பாலும் 60-க்குக் கீழே எண்ணே இருக்காது. சனிக்கிழமை மாலை சூலியா ஸ்திரீட்டில் 60-ஐத் தொட்டவர் யாராவது உண்டா?

காரும் யோக்கியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். நம் நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் சட்டம் விடாது. ஆனால் 300-இல் ஓடும் என்று சொன்ன கார் பந்தயத் திடலில் ஓடிக் காட்டியாக வேண்டும். கடிகாரத்துக்கு அப்படியொரு பரீட்சையே மிச்சமில்லை.

கடிகாரம் மட்டமென்று சொல்லவில்லை. முடி கனத்தில் ஒரு ஸ்பிரிங், கையால் இழைத்துப் பளபளப்பாக்கிய விளிம்பு, எல்லாம் அழகுதான். அதற்குப் பெயர் கைவேலை. அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமே, ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது? கைவேலை என்றால் நம்மவர்களுக்கு இளக்காரம்.

என் தாத்தா லிட்டில் இந்தியாவில் பத்தராக இருந்தவர். ஊதுகுழல் ஊதியே நெஞ்சு தேய்ந்தது. அவர் செய்த தாலிக்கொடிக்கு "செய்கூலியக் கொறைங்க பத்தரே" என்று அரைமணி நேரம் பேரம் பேசுவார்கள். அந்தக் குடும்பங்களின் பேரன்கள் இன்று முகம் தெரியாத சுவிஸ் பத்தருக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, அதற்கு இன்ஜினியரிங் என்று பேர் வைக்கிறார்கள்.

வாங்குங்கள், உங்கள் வெள்ளி. ஆனால் கொடுத்தது கைவேலைக்கு என்று சொல்லுங்கள். அடுத்தமுறை நகைக்கடையில் செய்கூலியைக் குறைக்கச் சொல்லும் முன், உங்கள் மணிக்கட்டை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.