தோட்டக் கட்டுரைகளுக்கு ஓர் அளவுகோல்

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றின் மாவட்டம், அஞ்சல் குறியீடு, ஆயத்தொலைவு ஆகிய மூன்றை மட்டும் சொல்லி முடியும் கட்டுரை, பிழையற்றதாயினும், கலைக்களஞ்சியக் கட்டுரை ஆகாது. தோட்டங்களையும் சிற்றூர்களையும் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் இடம்பெறும் கட்டுரைகளுக்குக் குறைந்தபட்ச உள்ளடக்க வரையறை தேவை. அது சொற்களின் எண்ணிக்கையை அன்று, விடையளிக்கப்பட வேண்டிய கேள்விகளையே அளவாகக் கொள்ள வேண்டும்.

தரவுப் பட்டியலைக் கட்டுரைகளாக மாற்றும் கணினி நிரலாகிய தானியங்கி, 2002-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஊர்களைப் பற்றி ஏறத்தாழ 30,000 ஆங்கிலக் கட்டுரைகளை உருவாக்கியது. பிலிப்பைன்சில் பேசப்படும் செபுவானோ மொழியின் விக்கிப்பீடியா கட்டுரை எண்ணிக்கையில் உலகின் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்ததும் இவ்வழியிலேயே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனியே பதிவாகும் ஊர்களுக்கு இம்முறை ஓரளவு பொருந்தலாம். தோட்டங்களுக்கு அது பொருந்தாது. ஏனெனில் மாவட்டமும் அதன் உட்பிரிவாகிய முக்கிமும் அரசின் நிர்வாக அலகுகளாக நிலைத்திருக்க, தோட்டமோ ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருந்து, விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறும்போது தொழிலாளர் குடியிருப்புகளாகிய லயங்களோடு தன் பெயரையும் இழக்க நேர்கிறது.

இழப்பின் அளவுக்குப் பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டமே சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏ. எம். சாமியின் தலைமையில் அங்கு எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்ததும், 1947-இல் கெடாத் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தங்களில் பங்கேற்றதும் மலாயாத் தொழிலாளர் வரலாற்றின் பகுதிகள். இவற்றை எந்தத் தரவுப் பட்டியலும் தந்துவிடாது.

ஆகவே, தோட்டக் கட்டுரை ஐந்து கேள்விகளுக்கேனும் சான்றுடன் விடை தர வேண்டும்: தோட்டம் எந்த முக்கிமில், எந்த நகருக்கு அருகே அமைந்தது; யாரிடமிருந்து யாருக்கு, எப்போது கைமாறியது; எத்தனை பிரிவுகளைக் கொண்டிருந்தது, ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியதா; தமிழ்ப்பள்ளியும் கோயிலும் எப்போது எழுந்தன, இடம் மாறினவா; குடியிருப்பின் இன்றைய நிலை என்ன.

கடும் வரையறை ஆவணம் குறைந்த தோட்டங்களையே வெளியே தள்ளும் என்பதும், குறுங்கட்டுரையைப் பிறர் வளர்த்தெடுப்பர் என்பதும் புறக்கணிக்கத்தக்க மறுப்புகள் அல்ல. ஆயினும் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் கட்டுரைகளை வளர்க்கப் பலர் முன்வரலாம். மூடப்பட்ட தோட்டத்தை நாடி வருவோர் அரியர். ஆவணங்களும் இல்லாமல் போகவில்லை: தோட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், தொழிலாளர் துறை அறிக்கைகள், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழ், பள்ளிகளின் ஆண்டு மலர்கள் ஆகியவை தேடப்பட வேண்டியவை. தேடியும் விடை கிட்டாத கட்டுரையை நீக்குவது தீர்வன்று. அதனை முக்கிம் அல்லது நகரக் கட்டுரையில் ஒரு பகுதியாக இணைத்து, தோட்டத்தின் பெயரைத் தேடுவோர் அங்கு வந்துசேர வழிமாற்று அமைத்து, போதிய சான்று சேர்ந்தபின் தனிக் கட்டுரையாகப் பிரிப்பதே முறை.

மலேசியத் தமிழ் விக்கிப்பீடியர்கள் புதிய குறுங்கட்டுரைகளைத் தொடங்குமுன் இருப்பவற்றை இவ்வரையறைக்கு உட்படுத்த வேண்டும். பள்ளி வாரியங்களும் ஆலய நிர்வாகங்களும் தம்மிடமுள்ள மலர்களையும் பதிவேடுகளையும் மின்படியாக்கிப் பொதுவில் வைக்க வேண்டும். முதியோரின் நினைவு தனித்துச் சான்றாகாது எனினும், எந்த ஆவணத்தை எங்கே தேடுவது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே என்பதால், இப்பணியை அடுத்த தலைமுறைக்கு ஒத்திவைக்க இயலாது.