பெரிய பேட்டரி போட்டால் ரேடியோ எரிந்துவிடுமா?

பென்சில் பேட்டரி போடும் ரேடியோவுக்குப் பெரிய கட்டை பேட்டரியைக் கொடுத்தால் அது தாங்காமல் எரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய கல்லூரி மாணவர்கள்கூட இதை என்னிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். பெரியது என்றால் பலம் அதிகம் என்ற எண்ணம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. இந்த எண்ணத்தால் நம் வீடுகளுக்குப் பண நஷ்டமும் ஏற்படுகிறது என்பது என் கருத்து.

மாணவர்களே, குன்றத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்வோம். அதன் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அருகே ஒரு வீட்டுக் கிணற்றிலும் 24 அடித் தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் அடியிலும் ஒரே அளவுள்ள குழாயைப் பொருத்தித் திறந்தால் எதில் தண்ணீர் வேகமாகப் பாயும்? ஏரியில் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தொடக்கத்தில் இரண்டிலும் வேகம் ஒன்றுதான். நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்தது அல்ல. கிணறு விரைவில் வற்றிவிடும், ஏரி நீடித்துக் கொடுக்கும். வேறுபாடு அவ்வளவே.

உலர் மின்கலத்தின் கதையும் இதுதான். அதன் மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பவை உள்ளே இருக்கும் வேதிப் பொருள்கள். துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும் சேர்ந்தால் 1.5 வோல்ட் கிடைக்கும். உறை சிறிதானாலும் பெரிதானாலும் அதில் மாற்றம் இல்லை. பென்சில் பேட்டரியின் விட்டம் 14.5 மில்லி மீட்டர், உயரம் 50.5. கட்டை பேட்டரிக்கு இவை முறையே சுமார் 34, 61.5. உருளையின் கன அளவுக்கான சூத்திரம் உங்களுக்குத் தெரியும். போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ ஏழு மடங்கு வரும். உள்ளே அடைத்திருக்கும் வேதிப் பொருளும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான். ஆகவே, மெதுவாகப் பயன்படுத்தினால் சாதாரணப் பென்சில் பேட்டரி சுமார் ஒரு ஆம்பியர்-மணி கொடுக்கும். கட்டை பேட்டரி ஆறு முதல் எட்டு வரை கொடுக்கும். ஒரு சிறிய ரேடியோ 50 மில்லி ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், முன்னதில் 20 மணி நேரம் பாடும். பின்னதில் சுமார் 140 மணி நேரம், அதாவது இரவு பகலாகக் கிட்டத்தட்ட ஆறு நாள்!

எரிந்துவிடும் என்ற பயத்துக்கு ஓம் விதியே பதில். மின்னழுத்தம் மாறாதபோது எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதை ரேடியோவின் மின்சுற்றுதான் முடிவு செய்கிறது. தேவைக்கு மேல் பேட்டரி திணிக்க முடியாது.

ஆறு நாள் என்பது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழையும், இதே ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட உபரி நீரும் சேர்ந்து வெள்ளம் வந்தபோது, சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்படிப்பட்ட நாளில் 20 மணிக்கும் 140 மணிக்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதா?

கையடக்கமாக இருக்க வேண்டும் என்று கருவிகளில் சிறிய பேட்டரி வைக்கிறார்கள். பேருந்தில் எடுத்துப் போகிறவருக்கு அது சரி. சமையலறை அலமாரியை விட்டு அசையாத ரேடியோவுக்கு எதற்கு அந்தச் சிக்கனம்? இடத்தில் மிச்சம் பிடித்ததைக் குடும்பம் மாதா மாதம் பேட்டரி விலையாகக் கட்டுகிறது. கடையில் இரண்டின் விலையையும் கேட்டு, மணிக்கு எத்தனை பைசா என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

மாற்றுவது கடினமான வேலையும் அல்ல. பென்சில் பேட்டரி அளவுக்கு இரண்டு மரக் குச்சிகளைச் சீவி, பேட்டரி அறையின் நேர்முனையையும் எதிர்முனையையும் தொடும் இடங்களில் ஒவ்வொரு திருகாணி வைத்து, அவற்றில் கம்பி சுற்றி வெளியே கொண்டு வாருங்கள். வெளியே ஒரு கூட்டில் இரண்டு கட்டை பேட்டரிகளைத் தொடராக வைத்து இணைத்தால் போதும். முனைகளை மாற்றிவிடக் கூடாது. புதியதோடு பழையதைக் கலக்கக் கூடாது. கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் கட்டை பேட்டரி சில ஆம்பியர்களைக் கொட்டும், கம்பி சுடும். ஆகவே மேலுறை அவசியம்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கருவியிலும் இதைச் செய்துவிடாதீர்கள். சாவிக்கொத்தில் தொங்கும் மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் பலவற்றில் மின்தடையே இருக்காது. பொத்தான் மின்கலத்தின் அகமின்தடைதான் மின்னோட்டத்தை அடக்கி வைக்கிறது. அதே வோல்ட் உள்ள பெரிய பேட்டரியில் அகமின்தடை குறைவு. மின்னோட்டம் எகிறி விளக்கு கருகிவிடும். இன்னொன்று: மறுமின்னேற்றம் செய்யும் கட்டை பேட்டரிகள் சிலவற்றின் பெரிய உறைக்குள் ஒளிந்திருப்பது பென்சில் அளவு மின்கலமே! கையில் எடுத்ததும் எடை காட்டிக்கொடுத்துவிடும். மேலே அச்சிட்ட மில்லி ஆம்பியர்-மணியையும் படியுங்கள்.

லித்தியம் அயனி பேட்டரியின் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட், பென்சில் அளவில் கிடைத்தாலும் அது 1.5 வோல்ட் கருவிக்குரியது அல்ல. குறுக்குச் சுற்று ஏற்பட்டால் தீப்பிடிக்கும். இங்கே மாணவன் கை வைக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரியை யாருமே எளிதில் கழற்ற முடியாதபடி ஒட்டி மூடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா தொழிற்சாலையின் காலத்தில் கைபேசியின் பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரியை எடுக்கலாம். 2007இல் அந்நிறுவனத்தின் பி.எல்-5சி வகையில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் மின்னேற்றும்போது அதிகமாகச் சூடாகலாம் என்று அறிவிப்பு வந்தது. மக்கள் மூடியைத் திறந்து, பேட்டரியில் இருந்த எண்ணைப் பார்த்து, மாற்றுப் பேட்டரி கேட்க முடிந்தது. ஒட்டி மூடிய கைபேசியில் இது நடக்குமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும். இந்த வட்டாரத்திலிருந்து கருவிகள் கப்பலேறி உலகெங்கும் போகின்றன. அவர்களுக்குத் திறக்கும் மூடியை நமக்கும் வைக்கலாம். கூடவே, கருவி எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும் என்பதைப் பின்புறம் அச்சிட்டால், பேட்டரிக் கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவியே வீட்டில் போட்டுவிடுவாள்.

அதுவரை, பள்ளி ஆய்வகத்தில் மில்லி அம்மீட்டரைக் கேட்டு வாங்கி உங்கள் ரேடியோவோடு தொடராக இணையுங்கள். சத்தத்தைக் கூட்டும்போது முள் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.