நோர்வேயின் கனநீரும் ஜெர்மனியின் அணுகுண்டு பற்றிய அச்சமும்

ஒஸ்லோ என்றதும் தமிழர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது இலங்கைச் சமாதான முயற்சிதான். ஆனால் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, எதிரியின் அணு ஆயுத ஆய்வைக் கண்டறியும் இரகசியப் போட்டி ஒன்று இந்நகரைத் தொட்டுச் சென்றது.

1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனம், நோர்ஸ்க் ஹைட்ரோவிடம் இருந்த கனநீர் முழுவதையும் விலைக்குக் கேட்டது. அக்காலத்தில் கனநீரைப் பெருமளவில் தயாரித்த ஒரே ஆலை, ஒஸ்லோவுக்கு மேற்கே ரியூக்கான் அருகிலுள்ள வேமோர்க்கில் இருந்தது. வாங்குவோர் மிகச் சிலரே இருந்த பொருளை மொத்தமாகக் கேட்டதே சந்தேகத்தைக் கிளப்பியது. பிரான்ஸ் முந்திக்கொண்டது. அதன் முகவர் ஜாக் அலியே மார்ச் மாதம் ஒஸ்லோ வந்து 185 கிலோ கனநீரைப் பெற்று, விமானத்தில் ஸ்கொட்லாந்து வழியாக எடுத்துச் சென்றார். அடுத்த மாதமே ஜெர்மனி நோர்வே மீது படையெடுத்தது. ஆலையும் கைமாறியது.

அணு உலைக்கு கிராஃபைட்டு உதவாது என்று ஜெர்மானிய விஞ்ஞானிகள் தவறாக முடிவு செய்திருந்ததால், அவர்களுக்குக் கனநீர் இன்றியமையாததாயிற்று. ஆலையில் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பது நேச நாடுகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆலையின் வடிவமைப்பில் பங்கேற்ற பேராசிரியர் லைஃப் துரொன்ஸ்டாட் 1941இல் பிரிட்டனுக்குத் தப்பினார். மறு ஆண்டு தலைமைப் பொறியாளர் யோமார் புருனும் சென்று சேர்ந்தார். உள்ளூர்வாசியான ஐனார் ஸ்கின்னர்லான்ட் வானொலி மூலம் செய்தி அனுப்பி வந்தார்.

தெரியாமலிருந்தது ஒன்றுதான்: அந்தக் கனநீரைக் கொண்டு பெர்லின் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது?

ஒரு திட்டம் இருப்பதற்குத் தடயம் தேடலாம். இல்லை என்பதை எதைக் கொண்டு நிறுவுவது? புலனாய்வின் இந்தப் பழைய சிக்கலை 2003இல் ஈராக் விவகாரத்திலும் உலகம் கண்டது. அன்று நோர்வே அதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்தது. 1942 நவம்பரில் கிளைடர்களில் அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் படையினர் விபத்திலும், பிடிபட்ட பின்னர் ஜெர்மானியர் கையிலும் மாண்டனர். 1943 பெப்ரவரியில் நோர்வே வீரர்கள் ஒரு துப்பாக்கிச் சூடும் இன்றி ஆலையின் கனநீர்ப் பிரிவைத் தகர்த்தனர். ஆனால் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. நவம்பரில் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளுக்குப் பொதுமக்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று, லண்டனில் இயங்கிய நோர்வே அரசு கண்டனம் தெரிவித்தது.

1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியிடம் பெரிய அளவிலான குண்டுத் திட்டம் எதுவும் இல்லை என்ற முடிவை பிரிட்டிஷ் புலனாய்வாளர்கள் நெருங்கியிருந்தனர். அமெரிக்கத் தரப்போ உறுதியான சான்றின்றி அதை ஏற்கத் தயங்கியது. எஞ்சிய கனநீர் ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது, பொதுமக்கள் பயணிக்கும் படகைத் தகர்ப்பது தகுமா என்று களத்திலிருந்தவர்கள் லண்டனைக் கேட்டனர். தகும் என்றே பதில் வந்தது. பெப்ரவரி 20ஆம் தேதி தின் ஏரியில் ஹைட்ரோ படகு மூழ்கியது. இறந்த 18 பேரில் 14 பேர் நோர்வேயின் பொதுமக்கள்.

அதே ஆண்டு நவம்பரில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கைப்பற்றிய ஆவணங்களைப் படித்த அமெரிக்கப் புலனாய்வுக் குழுவின் சாமுவேல் கௌட்ஸ்மித், ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை என்று முடிவு செய்தார். படகு மூழ்கி அப்போது ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன.

ஜெர்மனியை முந்துவதற்கென்று தொடங்கிய அமெரிக்கத் திட்டம் அதனால் நின்றுவிடவில்லை. காரணம் அற்றுப்போயிற்று என்று கூறி அந்த ஆண்டின் இறுதியில் லொஸ் அலமோஸை விட்டு விலகியவர் இயற்பியலாளர் ஜோசஃப் ரொட்பிளாட். 1995ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசைப் பக்வாஷ் அமைப்புடன் பகிர்ந்துகொண்ட அவர், அதைப் பெற வந்ததும் ஒஸ்லோவுக்குத்தான்.