ஸ்கூல் டிராமா செலக்‌ஷனா? கட்டபொம்மனைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க!

பள்ளி ஆண்டு விழா நெருங்கினால் போதும், நெல்லை டவுண் ரத வீதிகளை ஒட்டிய வீடுகளில் திடீரென ஒரு கர்ஜனை கேட்கும். வேறு யார்? கட்டபொம்மன்தான்! ‘டிராமாவுக்கு செலக்‌ஷன் இருக்குப்பா’ என்று பிள்ளை சொன்ன மறு நிமிடமே, அப்பா யூடியூபில் சிவாஜி வசனத்தைப் போட்டு, ‘இப்படியே சொல்லுல’ என்கிறார்.

அடுத்த நாள் டீச்சர் முன்னால் வரிசையாகப் பத்து கட்டபொம்மன்கள். பத்தும் ஒரே குரல்! அவர் தேடுவது சிவாஜியை அல்ல, உங்கள் பிள்ளையை.

அந்தப் படம் வெளியானது 1959-ல். அதற்கு முன்பே சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அந்த நாடகத்தில் சிவாஜி மேடை மேடையாக நடித்துப் பழகியிருந்தார். அத்தனை நாள் உழைப்பை நம் வீட்டுப் பிள்ளை இரண்டே நாளில் காப்பியடிக்க முடியுமா?

நம்ம சீமைக்காரர் ஒருவர் இதற்கு நேர்மாறாகச் செய்தார். தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்தான் அவர். அவருடைய பாய்ஸ் கம்பெனியில் 1918-ல் சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு வயது ஆறு. அந்தச் சிறுவனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். வேஷத்துக்குள் பையனைத் திணிக்காமல், பையனுக்கு ஏற்ற வேஷத்தைத் தந்தார். நாம் நாடகம் எழுத வேண்டாம். இவற்றைச் செய்தாலே போதும்.

முதலில் நம்ம பேச்சு: வசனத்தை மனப்பாடம் செய்யும் முன், அதன் அர்த்தத்தை வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். ‘எங்க ஊருக்கு வந்து எங்ககிட்டயே துட்டு கேக்கியா?’ என்று பிள்ளை சொந்தக் கோபத்தோடு கேட்டுவிட்டால், மேடைத் தமிழிலும் அந்தக் கோபம் தானாக வரும்.

எதிராளி ஆகுங்கள்: நடித்துக் காட்டாதீர்கள். எதிர் வசனத்தைப் படியுங்கள். அம்மா ஜாக்சன் துரை ஆகட்டும்! ஆச்சி அடுப்படியில் இருக்கட்டும். பிள்ளை கத்தாமல் பேசுவது அவர் காதில் தெளிவாக விழுந்தால், குரல் சரி.

தினமும் ஐந்து நிமிடம்: சில டீச்சர்கள் அங்கேயே ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். அதற்குத் தினமும் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தால் போதும். திக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். சமாளித்துத் தொடர்வதும் நடிப்புதான்.

ஸ்டேட்டஸ் வேண்டாம்: பயிற்சியை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ரிசல்ட் கேட்பார்கள். அந்தப் பாரம் யார் தலையில் விழும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை: பிள்ளை கட்டபொம்மன்தான் என்று ஒற்றைக்காலில் நின்றால், கயத்தாறுக்கு பஸ் ஏறுங்கள். 1799 அக்டோபர் 16-ல் அவரைத் தூக்கிலிட்ட ஊர் அது. அங்கே சிலை முன்னால் நின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு, அந்த வசனம் வெறும் பஞ்ச் டயலாக்காகத் தெரியாது.

செலக்‌ஷன் முடிந்து வரும் பிள்ளையிடம் ‘கிடைச்சிட்டா?’ என்று கேட்காமல், ‘எப்படிப் பண்ணின, எனக்கும் காட்டு’ என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றாலும் வீட்டில் ஒரு தடவை அது மேடையேறிவிடும்.

வேல் பிடித்து ஓரமாக நிற்கும் வீரன் வேஷம்தான் கிடைத்ததா? ‘இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’ என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த வருஷம் செலக்‌ஷன் என்று ஒன்று நடந்ததையே பிள்ளை உங்களிடம் சொல்லாது. விழா அன்று சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்காருங்கள். திரை விலகியதும் அந்த வீரன் முதலில் தேடப்போவது உங்கள் முகத்தைத்தான்.