மாற்றுச் சான்றிதழா மருந்து?

தலைமையாசிரியர் அறை. மேசைமீது ஒரு சிறு பொட்டலம். ஓரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன், தலை கவிழ்ந்து நிற்கிறான். எதிரே அவனைப் பெற்றவள். நாற்காலி இருந்தும் உட்காரத் துணியாமல், முந்தானையைக் கையில் சுருட்டியபடி நிற்கிறாள். "இவன் மற்றப் பிள்ளைகளையும் கெடுத்துவிடுவான், அம்மா! சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள்" என்கிறார் தலைமையாசிரியர். "அதுதான் சரி" என்று தலையாட்டுகிறார், பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியவர். ஊருக்கு ஊர் நடைபெறும் காட்சி இது. தலையாட்டும் அந்தப் பெரியவர், தோழர்களே, சில ஊர்களில் நம்மவராகவே இருக்கிறார்! அதனாலேதான் இதனை எழுத நேரிட்டது.

பையன் போய்விட்டான்; பள்ளி தூய்மை பெற்றுவிட்டதாம்! பொட்டலம் விற்றவன் போனானா? இல்லை. பள்ளி மணி அடித்ததும் அவனுடைய கடைமுன் வேறொரு சிறுவன் நிற்பான். நோயாளியை ஊரைவிட்டு ஓட்டிவிட்டு, நோய் பரப்பும் சாக்கடைக்கு மாலை சூட்டும் மருத்துவம் இது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம், 18 வயது நிரம்பாதோருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்கிறது. கல்விக்கூடத்துக்கு 100 கெஜ தூரத்துக்குள் எவருக்குமே விற்கக் கூடாது என்கிறது. மீறினால் தண்டம் எவ்வளவு தெரியுமா? அதிக அளவு 200 ரூபாய்! ஒரு மாலை வியாபாரத்தில் எடுத்துவிடுவான் கடைக்காரன். ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வேறு குரலில் பேசுகிறது. சிறார்க்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம். பொட்டலம் ஒன்று, சட்டங்கள் இரண்டு. உங்கள் ஊரில் எந்தச் சட்டம் ஏட்டைவிட்டு எழுந்து நடமாடுகிறது என்று காவல் நிலையத்தில் கேட்டுப் பார்த்ததுண்டா?

அதே 2015ஆம் ஆண்டுச் சட்டம், போதைப் பழக்கத்துக்குள் இழுக்கப்படும் நிலையிலுள்ள பிள்ளையை, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை என்று கூறுகிறது. குற்றவாளி என்று கூறவில்லை! பள்ளி நிர்வாகமோ வெளியே போ என்கிறது. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வி முடியும்வரை எவரையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது எனத் தடுக்கிறது. எட்டாம் வகுப்போடு அந்தக் குடை மடங்கிவிடுகிறது. மழை வலுக்கும் வயது எது? ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட வயதன்றோ!

அந்தத் தாயின் நிலையைச் சற்று எண்ணுங்கள். மகன் உறங்குவதில்லை, எரிந்து விழுகிறான், பசி இல்லை என்கிறான். திமிர் என்று நினைத்து அடிக்கிறார் தகப்பனார். பழக்கம் நின்றதும் உடல் படும் பாடு அது என்று அவருக்குச் சொன்னவர் யார்? அடிக்கிற கையிலும் மதுவாடை வீசக்கூடும். 2023-24இல் மட்டும் மது விற்பனையால் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் கருவூலத்துக்கு வந்தது; அதே அரசினர், ஜூன் 26ஆம் நாள், வெயிலில் பிள்ளைகளை நிறுத்திப் போதை ஒழிப்பு உறுதிமொழி வாங்குகின்றனர்! (மேடைக்குப் பின்னால் புகைத்துவிட்டு மேடையேறி முழங்கும் நம் தோழர் சிலரும் இவ்விடத்தில் சிரிக்க வேண்டா.)

2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. பசை, திருத்த மை ஆகியவற்றின் நெடியை முகரும் பழக்கம் வயது வந்தோரைவிடச் சிறாரிடையே மிகுதி என்றும் அதே ஆய்வு கூறுகிறது. அந்த நெடி, ஒரே நாளில் இதயத்தை நிறுத்திவிடவும் கூடும்.

வழி இல்லையோ என்று கையைப் பிசைய வேண்டா. ஐஸ்லாந்து எனும் சின்னஞ்சிறு நாட்டில், 1998இல், 15, 16 வயதினரில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்தைய திங்களில் குடித்து மயங்கியிருந்தனர். 2016இல் அது 5 ஆகக் குறைந்தது. எவரையும் விரட்டிச் சாதித்ததன்று இது. பெற்றோர் தமக்குள் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டனர். மாலை வேளைகளில் விளையாட்டும் இசையும் பொதுச் செலவில் கிடைத்தன. நம் பள்ளிகளிலோ, விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பு விழுங்கிவிடுகிறது!

ஆகவே, கிளைத் தோழர்களே, இந்த வாரம் பொதுக்கூட்டம் வேண்டா. ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி வாயிலிலிருந்து 100 கெஜம், அதாவது 300 அடி, அளந்து வாருங்கள். அதற்குள் இருக்கும் கடைகளை எழுதி, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சுட்டி, காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்போர், சான்றிதழ் கொடுக்கும் தீர்மானம் வந்தால் எழுந்து நின்று மறுத்துப் பேசுங்கள். அந்தத் தாயிடம் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தனியே போக அவள் கூசுவாள், உடன் செல்லுங்கள். பையன் திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்து கிளைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.