பல்லைப் பார்க்காமல் மாடு வாங்கலாமா?

சந்தைக்குப் போய் ஒரு ஜோடி மாடு வாங்கும் குடியானவன் என்ன செய்கிறான்? பல்லைப் பிடித்து வயதைப் பார்க்கிறான். நடக்க விட்டுப் பார்க்கிறான். பூட்டி ஓட்டிப் பார்க்கிறான். அதன் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு, தரகனின் விரலைப் பிடித்து விலை பேசுகிறான். எழுத்து வாசனை அறியாத அந்தக் குடியானவனுக்கு இருந்த எச்சரிக்கை, இன்று 4 லட்ச ரூபாய் கொடுத்துப் பழைய கார் வாங்கும் நம் தோழருக்கு இல்லையே, ஏன்? செல்போனில் வந்த ஐந்தாறு படங்கள். "ஒரே கையில் இருந்த வண்டி சார்" என்று ஒரு குரல். உடனே முன்பணம் போய்விடுகிறது! வண்டி இருப்பதோ 2,200 கிலோ மீட்டருக்கு அப்பால், டில்லியில்!

வாங்குகிறவர் யார்? சீமானா? சீமான் புது வண்டி வாங்குவான். பழைய வண்டியைத் தேடுகிறவர் மில்லில் வேலை போன தோழர்; டிரைவராக இருந்து, "சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் பிழைத்துக்கொள்வேன்" என்று எண்ணும் தோழர்; பிள்ளைகளையும் வயதான தாயையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்ற முடியாமல் தவிக்கும் தோழர். அவர் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? பி.எப். பணம், சீட்டுப் பணம், மனைவியின் கழுத்து நகை. அந்தப் பணத்துக்குத்தான் வலை விரிக்கிறார்கள்!

டில்லி வண்டி மலிவாக வருவதற்குக் காரணம் உண்டு. 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டியும் அங்கே ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025இல் சில தளர்வுகள் வந்தன என்றாலும், அதற்குள் டில்லி வண்டி தெற்கே வருவது பெரிய வியாபாரமாக வேரூன்றிவிட்டது. டில்லி மக்களின் மூச்சுக்கு ஆகாத புகை நம் மக்களின் மூச்சுக்கு மட்டும் ஆகுமா என்பது தனிக் கேள்வி. அந்த வியாபாரத்தில் ஏழையின் பணம் எப்படிப் பறிபோகிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நல்ல வண்டியே வராது என்று நாம் சொல்லவில்லை. யோக்கியமாக விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தூரம் என்பது மோசக்காரனுக்குத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் என்னென்ன நடக்கிறது? ஒன்றரை லட்சம் கிலோ மீட்டர் ஓடிய வண்டியின் மீட்டரை 60 ஆயிரத்துக்குத் திருப்பி வைக்கிறார்கள். விபத்தில் நசுங்கிய வண்டிக்குப் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, "கீறல் கூட இல்லை" என்கிறார்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவிக் காயவைத்து, அந்த வெள்ளத்தை அறியாத வேறு ராஜ்யத்தில் விற்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் நீருக்குள் நின்ற வண்டிகளைக் கண்ணால் கண்டவர்கள் நாம். இது கட்டுக்கதை அல்ல என்பது நமக்குத் தெரியும். இன்னும் சிலரிடம் வண்டியே கிடையாது! பட்டாளத்துச் சிப்பாய் என்று சொல்லிக்கொண்டு, "மாற்றல் வந்துவிட்டது, மலிவாகத் தருகிறேன்" என்று படம் அனுப்பி, முன்பணம் வந்ததும் மறைந்துவிடுகிறார்கள்.

இத்தனை பித்தலாட்டத்துக்கு நடுவில் சர்க்கார் என்ன செய்கிறது?

வரி வாங்குகிறது! 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, பழைய வண்டி வியாபாரியின் லாபத்தின் மீது எல்லா வகை வண்டிக்கும் 18 சதவீதம் என்று தீர்மானித்தது. டில்லி வண்டி தமிழ்நாட்டுக்கு வந்து இங்கேயே ஓடப் போகிறதென்றால், இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே கட்டிய வரியில் மிச்சம் கேட்டு மனுப் போட்டு அலைவது தனிப் பாடு. மாற்றல் அடிக்கடி வரும் சர்க்கார் உத்தியோகஸ்தருக்கும், நான்கு ராஜ்யங்களில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனியின் சிப்பந்திக்கும் 2021இல் 'பி.எச்.' என்ற நம்பர் கொடுத்து, ராஜ்யம் மாறினாலும் மறுபதிவு வேண்டாம் என்று வழி செய்தார்கள். சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கும் டிரைவருக்கு அந்தச் சலுகை உண்டா? இல்லை!

சரி, வரி வாங்கட்டும். வரி வாங்கும் பண்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்கிறார்களா? வாடகை வண்டிக்காவது குறித்த காலத்துக்கு ஒருமுறை எப்.சி. உண்டு. சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடியும் வரை அந்தச் சோதனை கிடையாது. அது எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்பதை இடையில் எந்த சர்க்கார் ஏட்டிலும் கட்டாயமாக எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்காத கணக்கைத் திருத்துவது திருடனுக்குச் சிரமமா?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்கலாம். நடக்கிற காரியம்தான்! பெல்ஜியம் என்ற சின்னஞ்சிறு நாட்டில் 2006 முதல், பழைய கார் விற்பவர் அந்த வண்டியின் கிலோ மீட்டர் கணக்குச் சீட்டைக் கொடுத்தே தீரவேண்டும். வண்டி பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கணக்கு பதிவாகிறது. இங்கிலாந்தில் ஆண்டுச் சோதனையில் எழுதிய கிலோ மீட்டர் கணக்கை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முதலாளித்துவ அமெரிக்காவிலேயே மீட்டரைத் திருப்புவது 1972 முதல் மத்திய சட்டப்படி குற்றம். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், மட்டமான பண்டம் நல்ல பண்டத்தைச் சந்தையை விட்டே விரட்டிவிடும் என்பது அவர் கண்டது. அவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. நம்மவரோ, "வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்ற பழைய வேதாந்தத்தையே இன்னும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்!

சர்க்கார் விழிக்கும் வரை தோழர்கள் ஏமாந்துகொண்டே இருக்கலாமா? கூடாது. ஆகவே சில காரியங்களைத் தோழர்கள் மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

முதலாவது, ஆர்.சி. விவரத்தை மத்திய சர்க்காரின் 'பரிவாஹன்' பதிவில் நீங்களே பாருங்கள். அவன் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். வண்டி மேல் கடன் இருந்தால் அங்கே தெரியும். கடன் தீர்ந்தது என்றால், கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35ஆம் நம்பர் பாரம் எங்கே என்று கேளுங்கள்.

இரண்டாவது, வண்டியை நேரில் பாருங்கள். போக முடியாவிட்டால் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கரோல்பாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் நம்மவர் இல்லையா? அவர்கள் மூலம் ஆள் பிடிக்கலாம். ஆயிரம் இரண்டாயிரம் கூலி கொடுப்பது நஷ்டமல்ல. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் கிடந்த வண்டியானால் சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். மீட்டர் 60 ஆயிரம் காட்டும்போது பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழத்திருந்தால், பொய் சொல்வது ரப்பரா, மீட்டரா? சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க மறக்கவே கூடாது.

மூன்றாவது, அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொடுக்கும் தடையில்லாச் சான்றிதழ், அதாவது என்.ஓ.சி., கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அது இல்லாத வண்டியை இங்கே உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. "பின்னால் அனுப்புகிறேன்" என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம்.

நான்காவது, பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும். இல்லையேல் விபத்தில் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு நஷ்ட ஈடு கிடைப்பது கஷ்டம். நம்மிடம் வண்டியை விற்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்ற பின்பும் பெயர் மாறாவிட்டால், எவனோ இடித்ததற்கு நீங்கள் பதில் சொல்ல நேரும்!

ஐந்தாவது, வியாபாரியிடம் வாங்கினால், ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொடுத்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வண்டி வியாபாரிகள் அதைப் பெறவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. பேசிய பேச்சையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள், ரசீது வாங்குங்கள்.

ஏமாந்து போனால்? தலைவிதி என்று உட்கார்ந்துவிடாதீர்கள்! வியாபாரி டில்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஜில்லாவிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று 2019ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டும் வண்டி என்றாலும் அந்த உரிமை உண்டு. முன்பணம் போனது தெரிந்த அந்த நிமிஷமே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். தாமதம் திருடனுக்கு லாபம். மோசடிக்கு உரிய பழைய 420, இப்போது பாரதிய நியாய சங்கிதையில் 318 ஆகியிருக்கிறது. நம்பர் மாறினாலும் குற்றம் குற்றமே!

இவையெல்லாம் தனி மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள். ஆனால் ஒவ்வொரு தொழிலாளியும் மெக்கானிக்காகவும் வக்கீலாகவும் ஆகி, டில்லிக்கு ரயில் ஏறினால்தான் ஏமாறாமல் இருக்க முடியும் என்றால், சர்க்கார் எதற்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதற்கு என்று கேட்கிறோம். நாம் கேட்பது பெரிய காரியமல்ல. புகைச் சான்று வாங்க வண்டி போகிறது அல்லவா? அப்போதே கிலோ மீட்டரையும் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி பதிவில் ஏற்றுங்கள். வெள்ளத்திலும் விபத்திலும் "முழு நஷ்டம்" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி தீர்த்த வண்டியின் ஆர்.சி.யில் அதைக் குறியுங்கள். ராஜ்யம் விட்டு ராஜ்யம் போகும் வண்டியைச் சோதித்துச் சான்று கொடுத்த பிறகே என்.ஓ.சி. கொடுங்கள். இதற்கு கோடிக்கணக்கில் செலவு வேண்டாம், மனம் வேண்டும்.

டிரைவர் சங்கத் தோழர்களும் மெக்கானிக் தோழர்களும் இந்தக் கோரிக்கைகளை மகஜராக எழுதி, ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கொடுக்க வேண்டும். அதுவரை, பழைய வண்டி வாங்கப் போகும் தோழர் எவரும் தனியாகப் போகக்கூடாது. வண்டி தெரிந்த ஒருவர் உடன் போவது அந்தந்தச் சங்கத்தின் பொறுப்பாக இருக்கட்டும். உழைத்துச் சேர்த்த பணம் ஒரு நாளும் வஞ்சகன் கைக்குப் போகக்கூடாது!