செல்ஃப் எடுக்கலைன்னு காரையே மாத்தாதீங்க!



போன வாரம் நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். கைக்கு வர்ற சம்பளம் 42,000 ரூபாய். அப்பா ஓட்டிட்டு இவர்கிட்ட கொடுத்த 2012 மாடல் பெட்ரோல் கார். ரெண்டு மாசமா காலையில சாவியைத் திருப்பினா "ரொய்ங்... ரொய்ங்..."னு இழுத்து இழுத்துதான் ஸ்டார்ட் ஆகுது. ஒருநாள் ஆபீஸ் பார்க்கிங்லயே படுத்துடுச்சு.

ஒருத்தர் "பேட்டரி போச்சு"ன்னு சொல்ல, 4,600 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டார். பத்தே நாள்ல மறுபடியும் அதே பிரச்சனை. அடுத்த மெக்கானிக் "செல்ஃப் மோட்டாரையே மாத்தணும், 9,500 ஆகும்"னார். வெறுத்துப்போய் ஒரு ஷோரூமுக்குப் போனா, "பழைய வண்டியைக் கொடுங்க, 6 லட்சம் லோன் போட்டா புது வண்டி"ன்னு சொல்லியிருக்காங்க. "அண்ணா, புக் பண்ணிடவா?"ன்னு கேட்டார்.

நான் சொன்ன பதில்: "முதல்ல 500, 600 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க தம்பி."

கணக்கு போட்டுப் பார்ப்போம்

6 லட்சம் லோன், 9.5% வட்டி, 5 வருஷம்னா மாச இஎம்ஐ சுமார் 12,600 ரூபாய். 42,000 சம்பளத்துல இது 30%. அஞ்சு வருஷத்துல வட்டி மட்டுமே 1.56 லட்சம் தாண்டும். இதுல இன்சூரன்ஸ் தனி, புது வண்டி மதிப்பு வருஷா வருஷம் குறையறது தனி.

ரிப்பேருக்கு அவர் கேட்டது 9,500. அதாவது ஒரு மாச இஎம்ஐ-யை விடக் குறைவு! அந்த 9,500-ஐக் கூட அப்படியே கொடுக்கக் கூடாதுன்னுதான் நான் சொல்றேன். ஏன்னா, இதுவரைக்கும் யாருமே எதையும் அளந்து பார்க்கல. எல்லாரும் குத்துமதிப்பாதான் சொல்லியிருக்காங்க. அந்த யூகத்துக்கெல்லாம் காசு கொடுத்தது நம்ம தம்பி.

முதல்ல காதால கேளுங்க

வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியைத் திருப்புங்க.

1. "டக்டக்டக்"னு வேகமா சத்தம் வந்தா பெரும்பாலும் பேட்டரியில சார்ஜ் இல்ல, இல்லன்னா டெர்மினல் லூஸ்.

2. ஒரே ஒரு "டக்", அதுக்கப்புறம் அமைதி, ஹெட்லைட்டும் மங்கல. அப்படின்னா சந்தேகம் செல்ஃப் மோட்டார் மேல, அதுல இருக்கிற சோலினாய்டு மேல.

3. மோட்டார் மட்டும் "விர்ர்"னு சுத்துது, இன்ஜின் சுத்தல. மோட்டாரோட முன்பக்கம் இருக்கிற பெண்டிக்ஸ் வழுக்குது.

4. இரும்போட இரும்பு உரசுற மாதிரி கரகரன்னு சத்தம். பல்சக்கரம் தேய்ஞ்சிருக்கலாம். இதைத் தள்ளிப் போடாதீங்க. ஃப்ளைவீல் பல் போயிட்டா கியர்பாக்ஸை இறக்கணும், செலவு எங்கேயோ போயிடும்.

அப்புறம் அளந்து பாருங்க

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பேட்டரி ரெண்டு முனையிலயும் வச்சுப் பாருங்க. 12.6 வோல்ட் பக்கம் இருந்தா ஃபுல் சார்ஜ். 12-க்குக் கீழன்னா முதல்ல சார்ஜ் ஏத்துங்க, அதுக்கு முன்னாடி வேற எந்த முடிவுக்கும் வராதீங்க.

இப்போ ஒருத்தரை சாவி திருப்பச் சொல்லிட்டு மீட்டரையே பாருங்க. ஸ்டார்ட் பண்ற அந்த நேரத்துல 9.6-க்குக் கீழ சரிஞ்சா, பேட்டரிக்குத் தெம்பு இல்ல, இல்லன்னா மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்குது. நல்ல பேட்டரி வச்சும் அப்படி சரியுதுன்னா மோட்டார் உள்ளே புஷ் தேய்ஞ்சு ஆர்மேச்சர் உரசலாம். மாறா, வோல்ட் 11 பக்கம் நல்லாவே நிக்குது, ஆனா இன்ஜின் சோம்பலா சுத்துதுன்னா, மோட்டாருக்குக் கரண்ட் சரியா போய்ச் சேரல. ஒண்ணு வயர்ல தடை, இல்லன்னா உள்ளே கார்பன் பிரஷ் தேய்ஞ்சுபோச்சு.

வயரா பிரஷ்ஷான்னு எப்படிப் பிரிக்கிறது? மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொண்ணை இன்ஜின் மேல சுத்தமான இரும்புலயும் வைங்க. சாவி திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் வயர்ல பிரச்சனை. கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, டைட்டா மாட்டினாலே சரியாகிடலாம். செலவு பத்து ரூபாய்! பழைய வண்டிகள்ல செல்ஃப் மோட்டார் மேல போடற பழி பாதி இந்த எர்த் வயருக்குப் போக வேண்டியது. இதே சோதனையை பாசிட்டிவ் பக்கமும் பண்ணணும். ஆனா மோட்டார் முனை கைக்கு எட்டாத இடத்துல இருக்கும், அதை எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க.

தம்பி அளந்தார். பேட்டரி 12.6. ஸ்டார்ட் பண்ணும்போது 11.1. எர்த் பக்கம் 0.2. எலக்ட்ரீஷியன் பாசிட்டிவ் வயரையும் பார்த்துட்டார், அதுவும் சரி. ஆக, மோட்டார்தான். ஆனா மோட்டார் முழுசுமா, இல்ல அதுக்குள்ள இருக்கிற சின்ன பாகமா?

மாத்தறதுக்கு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க

செல்ஃப் மோட்டார் ஒட்டுமொத்தமா சாகறது குறைவு. தேயறதுக்குன்னே செஞ்ச பாகங்கள் கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும்தான். அதை மாத்தி, கம்யூட்டேட்டரை சுத்தம் பண்ணி, வெளியிலேயே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. பழைய பிரஷ்ஷைக் கையில வாங்கிப் பாருங்க. ஆர்மேச்சர் கருகியிருந்தாலோ காயில் போயிருந்தாலோ மட்டும் முழு மோட்டார் மாத்துங்க. அப்பவும் பில்லும் வாரண்டியும் இருக்கிற புது மோட்டாரா வாங்குங்க. புதுப்பேட்டையில பாதி விலைக்குப் பழசு கிடைக்கும்தான். ஆனா அதோட பிரஷ் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?

ஒரு எச்சரிக்கை: இதை நீங்களே கழட்டணும்னு நான் சொல்லல. மோட்டாருக்கு வர்ற மெயின் வயர்ல சாவி இல்லாமலே எப்பவும் கரண்ட் இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டாம ஸ்பேனர் வச்சா தீப்பொறிதான். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகவே போகாதீங்க. அளக்கிறது உங்க வேலை, கழட்டுறது அவங்க வேலை.

தம்பிக்குப் பிரஷ், புஷ், கூலி எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய். இப்போ சாவியைத் தொட்டாலே எடுக்குதாம்.

அப்போ பழைய காரை மாத்தவே கூடாதா?

அப்படி இல்ல. இன்ஜின் ஆயில் குடிக்குது, அடிப்பக்கம் துரு அரிச்சிடுச்சு, ஒரு வருஷ ரிப்பேர் செலவு வண்டியோட மார்க்கெட் விலையில பாதியைத் தொடுதுன்னா தாராளமா மாத்துங்க. மாத்தறதுன்னாலும் இந்த 2,100 ரூபாய் வேலையை முடிச்சிட்டு மாத்துங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ற வண்டியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனா, அவங்க குறைக்கிற விலை 2,100-ஓட நிக்காது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். "தள்ளினா எடுக்குதே"ன்னு மாசக்கணக்குல ஓட்டாதீங்க. ராத்திரி பத்து மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டுல குடும்பத்தோட நிக்கும்போது, டோயிங் வண்டிக்காரர் சொல்றதுதான் விலை. ஆட்டோமேட்டிக் கியர்னா தள்ளியும் எடுக்காது. விட்டு விட்டு முயற்சி பண்ணாம ஒரேயடியா சாவியைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா மோட்டார் சூடாகி, பிரஷ்ஷோட போக வேண்டியது ஆர்மேச்சர் வரைக்கும் போயிடும்.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. வாங்காத அந்தப் புது காருக்கு 12,600 இஎம்ஐ கட்டறதா நினைச்சுக்கிட்டு, அதுல 2,000 ரூபாயை மாசாமாசம் தனி ஆர்டி-யில போடுங்க. வருஷத்துக்கு 24,000. தம்பி வண்டிக்கு 2027-ல 15 வருஷம் முடியுது. ஆர்.சி. புதுப்பிக்கிற செலவுக்கும் இதுவே கைகொடுக்கும். மிச்சத்தை எஸ்ஐபி-யில போடறதா, நல்லா சாப்பிடறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

எந்த ரிப்பேர்லயும் ஆத்திரம் வரும், அவமானமா இருக்கும். பார்க்கிங்ல நாலு பேர் பார்க்க வண்டி தள்ளினவங்களுக்கு அது தெரியும். அந்த அஞ்சு நிமிஷ வெட்கத்துக்காக அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதீங்க. முதல்ல அளங்க, அப்புறம் முடிவெடுங்க.

மீட்டர் வைக்கிறதை இந்த வார வீடியோவுல நேரடியா காட்டியிருக்கேன், பார்த்துடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!